சாவியை எடுத்தாலும் அணையக் கூடாது

மருந்து மொத்தக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேப்பு, அவ்வளவுதான். நேற்றுச் சேர்ந்தவன்கூட 'மேப்பண்ணே' என்றுதான் ஆரம்பிப்பான். எந்த மருந்துக்கடை எந்தச் சந்தில் இருக்கிறது, எந்தச் சந்து எப்போது அடைத்துக்கொள்ளும், எந்தக் கடைக்குப் பின்வாசல் உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் அவர் கொண்டுபோகும் பொட்டலங்களில் மட்டும் முகவரி ஒட்டுவதில்லை. கடைப் பெயரை மார்க்கரால் கிறுக்கி, பைக்கின் பின்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மனிதருக்கு வேறு என்ன இருந்தது?

அந்த மேப்புதான் ஒருநாள், கடை திறந்ததும் திறக்காததுமாக, பைக் எலக்ட்ரீஷியன் முன்னால் போய் நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி.

எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னண்ணே, மேப்புக்கே மேப்பா?"

"புது ஆளுங்களுக்குப் பழக்கி விடணுமாம். முதலாளி சொல்லிட்டாரு."

வாய் கூசாமல் சொன்ன பொய். முதலாளிக்கு இது தெரியவே தெரியாது. கொஞ்ச நாளாகவே சாலைகள் அவர் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தன. சிக்னலில் பச்சை விழும்; எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். பின்னால் ஹாரன் அலறும். ஏதோ ஒரு பக்கம் ஒடித்து, எங்கெங்கோ சுற்றி, டீக்கடையில் வழி கேட்டுப் போய்ச் சேருவார். மனைவி "ஏன் லேட்டு?" என்று கேட்டால் பஞ்சர் என்பார். அவர் சொன்ன பஞ்சரெல்லாம் உண்மையாக இருந்தால் அந்த டயரில் ரப்பரே மிஞ்சியிருக்காது.

வெளியே தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் மேப்பு என்கிற ஆளே போய்விடுவான். இதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவன். ஹேண்டில்பாரில் ரப்பரைச் சுற்றி, கிளாம்பை மாட்டி, திருகை இறுக்கிவிட்டு, கருவியைப் பொருத்தி ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி அடியில் வயரை விட்டான். ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, வயர் இழுபடாதபடி அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினான். பிறகு சீட்டைத் தூக்கினான்.

"கரண்டைச் சாவிக்குப் பின்னாடி எடுத்துடறேண்ணே. சாவிய ஆஃப் பண்ணா இதுவும் ஆஃப் ஆயிடும்."

"வேணாம். நேரா பேட்டரில குடு. சாவிய எடுத்தாலும் அணையக் கூடாது."

"ஏண்ணே? பேட்டரி உக்காந்துடும்."

"உக்காந்தா உக்காரட்டும்."

"விளையாடாதீங்க. இவ்ளோ நாளா வண்டி ஓட்டறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பேட்டரியைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது மலிவான கருவி. மின்சாரம் நின்றால், முதலில் பதிந்த வீட்டு முகவரி ஒன்றைத் தவிர, போட்டு வைத்த இடங்களையெல்லாம் மறந்துவிடும். மறுபடி உயிர் வந்ததும் வெள்ளைத் திரையில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: எங்கே போக வேண்டும்? வாங்கிய அன்று வீட்டில் அணைத்து அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே கருவியே வாங்கினார்! இதை யாரிடம் போய்ச் சொல்வது? "சொன்னதைச் செய்யேம்பா" என்று எரிந்து விழுந்தார். எலக்ட்ரீஷியன் ஒரு ஃபியூஸைப் போட்டு, முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியில் நேராக முடுக்கினான்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. காலையில் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு, தெருமுனை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டுவார். பின்பெட்டியைத் திறந்து, கடைப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, கடைசியில் திரும்பி வர மொத்தக் கடையையும் போடுவார். கருவி இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். மொத்தக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் வண்டி பழக்கத்தில் தானாக ஓடியது. மாலையில் திரும்பும்போது வாயெல்லாம் பல். மனைவிக்கே ஆச்சரியம், இப்போதெல்லாம் பஞ்சரே ஆவதில்லையே என்றாள்.

அன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கடைசிப் பொட்டலம். கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். மேப்பு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து, ஒருவழியாக முடித்துக்கொண்டு வெளியே வந்தார். திரை கறுப்பாக இருந்தது. சாவியைப் போட்டார். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கரை உதைத்தார். ஐந்தாறு உதையில் வண்டி கிளம்பியது. திரையும் வெளிச்சமானது.

எங்கே போக வேண்டும்?

பின்பெட்டியைத் திறந்து பார்த்தார். காலி. படித்துப் பார்க்க ஒரு கடைப் பெயர்கூட இல்லை. காலையில் எங்கிருந்து கிளம்பினோம் என்று யோசித்தார். வரவில்லை. வெயிலில் நின்று யோசித்து யோசித்து, சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம். திரையின் மூலையில் சின்னதாக ஒரு வீட்டுப் படம் தெரிந்தது. அப்பாடா என்று அதைத் தொட்டார். கருவி வழி சொல்ல ஆரம்பித்தது.

வீடும் வந்தது. கேட்டைத் திறந்து, வண்டியை வழக்கமான சுவரோரம் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கதவில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார். கதவு உள்ளிருந்து திறந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்.

"யாருங்க ஐயா நீங்க? யார் வேணும்?"

"நீ யாரும்மா? என் வீட்டுல என்ன பண்ற?" என்றார். அவள் திகைத்து நிற்க, அவரே எட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா?"

நல்ல மனுஷி. கத்தவில்லை, ஆளைக் கூட்டவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவருடைய பட்டன் போனை வாங்கி, கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அடித்தாள். அது மனைவியின் எண். தையல் கடையிலிருந்து கழுத்தில் அளவு டேப்போடு பஸ் பிடித்து ஓடி வந்தாள் மனைவி. தெருவுக்குள் நுழைந்ததுமே அவளுக்குப் பகீரென்றது. அவர்கள் எப்போதோ குடியிருந்த வீடு அது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில். மகளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது.

அந்த முகவரியைக் கருவியில் போட்டது வேறு யாருமில்லை, அவர்தான்.

மறுநாள் காலை இருவருமாக எலக்ட்ரீஷியனிடம் போனார்கள். வண்டியை அவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து இடம், வலம் என்று மனைவி சொன்னாள். முந்தின நாள் மாலையெல்லாம் அவர் அவளிடம் கெஞ்சியிருந்தார்: கருவிதான் தப்பு, முகவரியை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்கும் அதை நம்ப வேண்டும் போலத்தான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் பேட்டரியைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, வேறு ஒரு பேட்டரியில் கருவியை இணைத்துக் கையில் வைத்துக்கொண்டான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"வீட்டு அட்ரஸைச் சொல்லுங்கண்ணே, மாத்திடலாம்."

மேப்பு நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கதவு எண், குறுக்குத் தெரு, தெருமுனைத் தண்ணீர்த்தொட்டி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் சுற்று குறைவு என்பதுவரை ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். பழைய மேப்பேதான். எலக்ட்ரீஷியனின் விரல் பாதியில் நின்றது. ஏற்கெனவே திரையில் இருந்த, நேற்று அவரைக் கொண்டுபோய் விட்ட அதே முகவரி. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"போட்டுட்டியா?" என்றார் மேப்பு.

மனைவி கையை நீட்டி வண்டியிலிருந்த சாவியை உருவினாள்.

"வண்டி இங்கயே நிக்கட்டும் தம்பி. யாராவது விலைக்குக் கேட்டா குடுத்துடுங்க."

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?" அவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்துத்தான் கேட்டார். அவன் குனிந்து, கிளாம்பின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்க போலாம்" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து தெருவில் முன்னால் நடப்பது அவர்தான். அவள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவாள், கொஞ்சம் மெதுவாப் போங்களேன் என்று கத்திக்கொண்டே. இன்றும் முன்னால்தான் கிளம்பினார். முதல் முச்சந்தி வந்ததும் நின்றுவிட்டார். அவள் வரும்வரை காத்திருந்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

"இந்தப் பக்கங்க."

அவர் அவளுடைய கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.