உள்ளே ஒன்றுமில்லாத பேக்கேஜ்

பரளச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் பழசு. அதற்கு விண்டோஸுக்குப் பதிலாக வரும் இலவச லினக்ஸ்தான் தாங்கும் என்று அதைப் போட்டு வைத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று அடித்துவிட்டு, எழுத்து திரைக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோண்டிப் பார்த்தேன். என் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பட்டியல் போடும் ஒரு புரோகிராம் புதிதாக உள்ளே உட்கார்ந்திருந்தது. தேடுவதற்கு வசதியாம். எந்தத் தாள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எனக்கே தெரியும். நீக்கச் சொன்னேன். திரையில் ஐகான்களையும் ஜன்னல்களையும் காட்டும் டெஸ்க்டாப் அதை நம்பியிருக்கிறது, அதை நீக்கினால் டெஸ்க்டாப்பும் போய்விடும் என்றது சிஸ்டம்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, அருப்புக்கோட்டையில் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"அது அப்படித்தாங்க்கா. ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்கு. பேசாம வேற மிஷின் வாங்கிருங்க" என்றார் கடைக்காரர்.

"என்னையக் கேக்காம வந்தது. நான் போகச் சொன்னா போகணும்ல?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு நீக்கிவிட்டேன். சொன்னபடியே டெஸ்க்டாப் போனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மின்னியது. காட்டு வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இருந்ததையும் கெடுத்துப்புட்டியா?"

"கெடுத்தவளுக்குச் சரி பண்ணவும் தெரியும். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டேன். ஃபோனைக் கேபிளில் மாட்டி, அதன் இன்டர்நெட்டில் கமாண்டுகளைத் தட்டித் தட்டி டெஸ்க்டாப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூடவே அந்தப் புரோகிராமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் முழுக்க இன்டர்நெட்டில் படித்தேன். யாரோ ஒருவர் வழி எழுதியிருந்தார். டெஸ்க்டாப் பார்ப்பது பெயரை மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் பேக்கேஜ் என்ற பொட்டலமாகத்தான் வரும். அதே பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பேக்கேஜ் செய்தேன். அப்டேட் வந்து மாற்றிவிடாதபடி பதிப்பு எண்ணை, அசல் எட்டவே முடியாத 999 என்று போட்டேன். நிறுவியதும் அசல் வெளியேறியது. டெஸ்க்டாப் முனகவில்லை. நான் அடிக்க அடிக்க எழுத்து வந்தது.

அடுத்த பெரிய அப்டேட்டில் அதே புரோகிராம் வேறு பெயரில் வந்தது. அந்தப் பெயரிலும் ஒரு காலி பேக்கேஜ் செய்தேன். கேட்காமல் வந்த இன்னும் இரண்டு புரோகிராம்களுக்கும் அதே மரியாதைதான். டெஸ்க்டாப் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பட்டும்.