ஜப்பான்காரர் சொன்ன ஹாய்

ஜப்பான்காரர் ஒருவர் தீபாவளியன்று சாப்பிட வருகிறார் என்று அப்பா சொன்னதும், அம்மா கேட்ட முதல் கேள்வி, "அண்ணிகிட்ட யாரு சொல்றது?" என்பதுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி, சிங்கப்பூர். ஜாலான் புசாருக்குப் பக்கத்துச் சந்தில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தோம். ஜூரோங்கில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் அப்பாவுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. வரப்போகிறவர் அங்கே என்ஜினியர். அண்ணி என்று அம்மா சொன்னது அப்பாவின் அக்காவை, எங்களோடு இருந்த என் அத்தையை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மாமாவை சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இறந்துவிட்டார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் அத்தை பொட்டு வைத்துக்கொள்வார். பூ வைத்துக்கொள்ள மாட்டார்.

கடைசியில் அப்பாவே தயங்கித் தயங்கிச் சொன்னார். "வரட்டுமே. சாப்பிடத்தானே வர்றாரு" என்று அத்தை உளுந்து களையப் போய்விட்டார்.

விருந்தாளியிடம் பேச எனக்கு அப்பா ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். ஹாய் என்றால் ஆமாம்.

வந்தவர் வாசலிலேயே எல்லோருக்கும் தனித்தனியாகக் குனிந்தார். எனக்கும் குனிந்தார். பதிலுக்கு நானும் குனிய, அவர் மறுபடி குனிய, இது எங்கே போய் நிற்குமோ என்று இருந்தது. இலையில் எதையும் மிச்சம் வைப்பது அவர்கள் வழக்கத்தில் மரியாதை இல்லை போலும். அவர் வழித்துச் சாப்பிட்டார். எங்கள் வழக்கத்தில் காலியான இலை என்றால் இன்னும் வேண்டும் என்று பொருள். அம்மா கரண்டியோடு குனிந்து "இன்னும் கொஞ்சம்?" என்பார். அவர் "ஹாய்" என்பார். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாயசம் வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அப்பா ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் "ஹாய், ஹாய்" என்று தலையசைத்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவர் அதைப் பாதியில் பிடுங்கி முடித்துவைப்பார். எங்கள் பாசம் அப்படி.

அப்பா சோடா வாங்கக் கீழே இறங்கினார். அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். மலாயில் பேசத் தொடங்கினார். கடைத்தெரு மலாய் விருந்தாளிக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது, எனக்கும் தெரியும்.

மாமா மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போன காலையிலிருந்து அத்தை சொன்னார். போட்டிருந்த சட்டை, தெருமுனையில் நின்ற லாரி, பின்னால் ஓடியது. லாரி என்ற சொல் வந்தாலே அம்மா, "விடுங்க அண்ணி, நல்ல நாளும் அதுவுமா" என்று பேச்சை மாற்றிவிடுவார். அன்று விருந்தாளி முன்னால் வாய் திறக்க முடியாமல் கதவோரம் நின்றார். ஜப்பான்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் மெதுவாக, "ஹாய்."

கடைசியில் அத்தை கேட்டார். "அங்க போனவரு இன்னும் உயிரோட இருப்பாரா?"

"ஹாய்..." என்றார் அவர். அவர் தலை பாயைத் தொடும்வரை குனிந்தது. நிமிர வெகுநேரம் ஆயிற்று.

நான் மாடிப்படியில் குதித்து இறங்கினேன். சோடாப் புட்டிகளோடு வந்துகொண்டிருந்த அப்பாவிடம், "மாமா உயிரோட இருக்காராம்! ஹாய்னு சொல்லிட்டாரு!" என்று கத்தினேன். அப்பாவின் முகம் வெளிறிப்போனது.

விருந்தாளி போனபிறகு அப்பா அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஹாய் ஆமா இல்லக்கா. நீங்க சொல்றத கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். அவங்க பேச்சு அப்படி."

"தெரியும்டா தம்பி. அவங்க காலத்துல நானும் இங்கதான இருந்தேன்" என்றார் அத்தை. "அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கேட்டாரு. நீங்கல்லாம் லாரிங்கிற சொல்லுக்கு மேல என்னைப் போகவிட்டதே இல்ல."

பிறகு, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்கிற குரலில், "தை அமாவாசைக்கு அங்க போனவருக்குச் செய்யவேண்டியத செஞ்சிடுவோம்" என்றார். அம்மா அழ ஆரம்பித்தார். அத்தை அழவில்லை. பசிக்கிறது என்று சொல்லி, இலை போட்டு உட்கார்ந்து, சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொன்ன ஒருவரிடமிருந்து, மாமா இல்லை என்பதை அத்தை எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.