குழிக்கு அடியில் ஒரு காந்தம்

‘டக்’ என்று அந்தக் குண்டு குழிக்குள் ஒட்டுகிற சத்தத்தைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். அந்த இயற்பியல் மாதிரியைச் செய்தவளே நான்தான்.

எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். கணபதி பகுதியில் இருக்கும் என் மாமாவின் லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு சின்ன மேடு கடைந்து வாங்கினேன். மேட்டின் உச்சியில் ஒரு குழி, சரிவின் அடியில் ஸ்பிரிங் வைத்த குழாய். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் பேரிங் குண்டு ஒன்று மேட்டில் ஏறிப் பாயும்.

அந்த மேடுதான் விஷயமே. கால்சியம் அணுக்கருவை எடுத்துக் கலிபோர்னியத்தின் மேல் எறிந்தால், இருபதும் தொண்ணூற்றெட்டும் சேர்ந்து நூற்றுப் பதினெட்டாவது தனிமம் கிடைக்க வேண்டும். காகிதத்தில் ஒன்றாம் வகுப்புக் கூட்டல். ஆனால் இரண்டுமே நேர்மின்னூட்டம் உள்ளவை. ஒன்றையொன்று கிட்டே அண்டவிடாது; அந்தத் தடைதான் என் மேடு. வேகம் குறைந்தால் பாதியில் திரும்பிவிடும், கூடினால் சேர்ந்த சூட்டிலேயே பிளந்துபோகும். மாதக்கணக்கில் கோடானுகோடி அணுக்கருக்களை எறிந்து ஒன்று ஒட்டினால் உண்டு. அதுவும் கண் இமைப்பதற்குள் சிதைந்துவிடும். அந்த ஒன்றுக்காக விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தப் பொறுமைதான் என்னை இந்தப் பாடத்துக்குள் இழுத்துப் போட்டது.

என் குண்டும் அதே ஜாதி. திரும்பி வரும், தாண்டி ஓடும், குழிக்குள் விழுந்து துள்ளி வெளியே வரும். எப்போதாவது ஒன்று உள்ளே தங்கும். அன்றைக்கு வகுப்பே கூத்தாடும். வகுப்பு என்றாலும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுகிற கூட்டம்தான். அதனால்தான் துறையையே மூடப்போவதாகப் பேச்சு. எங்கள் தாளாளர் பம்ப்செட் கம்பெனி முதலாளி. ஆண்டு விழாவில் என் மாதிரியைப் பார்த்தால் அவர் மனசு மாறும் என்று துறைத்தலைவர் மேடம் நம்பினார். நானும் நம்பினேன்.

விழாவுக்கு முந்தின மதியம் மேடம் சொன்னார்: “நாளைக்கு மொதக் குண்டே உள்ள உக்காரோணும் கண்ணு.”

“அது உக்காராதுங்க மேடம். உக்காராததுதானுங்க பாடமே.”

“பாடத்தை வகுப்புல வெச்சுக்கலாம். அவரு மெஷினுக்குப் பொட்டு வெச்சு ஸ்விட்ச் போட்டுப் பழகுனவரு. மொத ஸ்விட்ச்சுல ஓடலீன்னா சகுனம் சரியில்லைன்னு எந்திரிச்சுப் போயிருவாரு.”

அது எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் புது மெஷினை முன்கூட்டியே ரகசியமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூஜைக்கே நிறுத்துவார்கள். பம்புக்கு அது சரி. பம்ப் ஓடுவதற்கென்றே பிறந்தது.

மேடம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குழிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார்.

“இது பொய்யுங்க மேடம்.”

“அணுக்கருவுக்குள்ளயும் இழுத்துப் பிடிக்கற விசை ஒண்ணு இருக்குதல்லோ? அதுதான் இதுன்னு நெனச்சுக்கோ.”

அந்த விசையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அதை எடுத்தே பொய்க்கு முட்டுக் கொடுத்தபோது, சோற்றில் பல்லி கிடந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது. காந்தத்தைப் பிய்த்துப் போட்டேன். மேடம் கோபப்படவில்லை. குனிந்து எடுத்து மறுபடி ஒட்டினார். “இந்தத் துறை இருக்கோணுமா வேண்டாமா? நீ தள்ளி நில்லு, நானே விடறேன்.”

மறுநாள் எலுமிச்சம்பழம் நசுங்கியது, சூடம் எரிந்தது. மேடம் ஸ்பிரிங்கை அளவாக இழுத்து விட்டார். டக். அரங்கம் கைதட்டியது. தாளாளர் தானே இழுத்துப் பார்த்தார். டக்.

“பரவாயில்லீங்களே. நம்ம பம்பு கூட இத்தனை சுத்தமாத் தண்ணி எடுக்காது. புதுத் தனிமம் செய்யறது இவ்வளவு லேசுங்களா?”

மேடம் சிரித்தார். நான் மேடை ஓரத்துக்கு நகர்ந்தேன்.

“அம்மணி, நீதான் செஞ்சதாமா? கெட்டிக்காரி. இதை வரவேற்புல வெச்சுப்போடலாம். ஆரு இழுத்தாலும் விழுகுது, பக்கத்துல ஆளே வேண்டீதில்லை” என்று தாளாளர் மேட்டில் குங்குமம் வைத்தார்.

ஆள் வேண்டியதில்லை என்றது மாதிரிக்கு மட்டும் இல்லை. அடுத்த வருஷம் இயற்பியலுக்குச் சேர்க்கை இல்லை. மேடம் இப்போது நீட் கோச்சிங் எடுக்கிறார். மாதிரி மட்டும் வரவேற்பறை மேசையில் நன்றாக இருக்கிறது.

இந்த ஜூன் மாதம் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். பவானியிலிருந்து வந்திருந்த ஓர் அப்பாவும் பிளஸ் டூ முடித்த மகளும் மேசையருகே நின்றிருந்தார்கள். மகள் ஸ்பிரிங்கை இழுத்தாள். டக். குண்டை எடுக்கப் போனவள், அது வர மறுக்கவும் நெற்றியைச் சுருக்கினாள். மேட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

“அப்பா, காந்தம் வெச்சிருக்காங்க.”

“கண்டதைத் தொடாத சாமி” என்றார் அப்பா.

“எதுக்குங்கக்கா காந்தம்?” என்று என்னைக் கேட்டாள்.

“எல்லாத் தடவையும் விழோணும்னு.”

“விழுகலீன்னா என்னவாம்?”

அன்று அரங்கத்தில் இப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லை. என்ன படிக்க வந்தாய் என்று கேட்டேன்.

“பிசிக்ஸுங்கக்கா. அது இங்க இல்லீன்னுட்டாங்க. டேட்டா சயின்ஸ் வேணா தர்றாங்களாம்.”

அப்பா விண்ணப்பம் வாங்க வரிசைக்குப் போய்விட்டார். அவள் காந்தத்தைப் பிய்த்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி இழுத்து விட்டாள். குண்டு மேட்டைத் தாண்டி நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.