நான் கேட்டது கால்

கூட்டேரிப்பட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எதையும் துருவித் துருவிக் கேட்பது என் பிறவிக் குணம். அப்படிப்பட்டவள், என் வலது குதிகாலில் கல் மாதிரி புடைத்த வீக்கத்தை மட்டும் என்னவென்று யாரையும் கேட்கவில்லை. மெஷின் மிதித்து வந்த சுளுக்கு என்று நானே முடிவு கட்டி, தை மாதம் முழுக்க எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். வீக்கம் பெரிதானதுதான் மிச்சம். பயந்துபோனேன். "முருகா, என் காலைக் காப்பாற்று" என்று அழுதேன்.

மயிலம் முருகன் கோயில் மலையடிவாரத்தில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் செய்து விற்பார்கள். நோகிற உறுப்பை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். நான் ஒரு கால் கேட்டேன். விற்கிற அக்கா, நான் நொண்டுவதையே பார்த்தார்.

"ஏம்மா, நடந்தா வலிக்குதா, சும்மா படுத்துக்கினு இருந்தாலும் வலிக்குதா?"

"படுத்தாதான்க்கா ஜாஸ்தி."

"அப்ப சுளுக்கு இல்லம்மா. தகடு எங்கயும் போவாது. ஜல்தியா டாக்டராண்ட போ."

திண்டிவனத்தில் எக்ஸ்ரே, விழுப்புரத்தில் ஸ்கேன், பிறகு சென்னையில் ஊசி குத்திச் சோதனை. எலும்புப் புற்று. பாதத்தில் வருவது அபூர்வம், வேகமாக வளரும் வகை என்றார் டாக்டர். கீமோ கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மறுபடியும் கீமோ.

நான் கேட்டது காலை. அதையே எடுத்துக்கொண்டானே! வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

டாக்டரிடம் கோபமாகத்தான் கேட்டேன், இன்னும் கொஞ்ச நாள் நீவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "நுரையீரலுக்குப் போயிருக்கும்மா. இப்ப அங்க ஒண்ணுமே இல்ல" என்றார். அன்றே படத்தை மறுபடி நேராகத் திருப்பி வைத்தேன்.

ஸ்கேன் சுத்தமாக வந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் செயற்கைக் காலோடு மயிலம் போனேன். தகடு விற்கிற அக்காவைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "அன்னிக்கு ஏன்க்கா அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"தெரியலம்மா. வாய்ல வந்துச்சு, கேட்டேன்."

ஒரு கால் தகடு வாங்கினேன். கூட வந்த என் வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். "கால்தான் போயிடுச்சே, இப்ப எதுக்கு?"

"உயிரக் கேக்கணும்னு எனக்குத் தோணல. அவனுக்குத் தோணிச்சுங்க."

பக்தர்களே, உங்களுக்கும் படுத்தால் வலிக்கிறதா? அவனிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கேயும் அவன் இருப்பான்.