தவிலுக்குச் சிவப்பு, நாதஸ்வரத்துக்குப் பச்சை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அண்ணனின் ஒரே தங்கை எழுதுவது. அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களைப் பிள்ளைகள் மற்ற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ‘பொறுமையின் வடிவம்’ என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ரேடியோ ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும் கம்பி சூடேறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொள்பவர் அவர். அந்தத் தழும்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் பிறந்தது சிங்கவரத்தில். அம்மாவை நாங்கள் சிறு வயதிலேயே இழந்தோம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்து வேர்க்கடலை மண்டி வைத்தார். முன்னால் மண்டி, பின்னால் சன்னலே இல்லாத மூட்டைக் கிடங்கு, பக்கத்தில் வீடு. படிப்பு முடிந்ததும் மண்டியில் உட்கார வேண்டிய அண்ணன், கடைவீதியில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடையே கதி என்று கிடந்தார். வீட்டில் தினமும் இதே சண்டைதான்.

நம் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நைனா அதற்கும் ஒரு படி மேலே. இருட்டியபின் பிரகாசமாக விளக்கு எரிந்தால் பூச்சிகள் வந்து விழுந்து சாகும், அந்தப் பாவம் விளக்கு போட்டவனைத்தான் சேரும் என்பார். அந்த வீட்டில் விளக்குப் பைத்தியமாகப் பிறந்தவர் அண்ணன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு அவலூர்பேட்டை. அன்றைக்கே அண்ணன் மேளத்துக்கு ஏற்றபடி எரியும் விளக்குப் பெட்டி ஒன்றைச் செய்ய ஆரம்பித்துவிட்டார். மேளக்காரர்கள் முன்னால் மைக் வைத்து, மைக் செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் ஒரு கிளை பிரித்துத் தன் பெட்டிக்குக் கொண்டுவருவார். செப்புக் கம்பிச் சுருள் கனத்த ஓசையை ஒரு பக்கமும், கண்டென்சர் கீச்சு ஓசையை இன்னொரு பக்கமும் அனுப்பும். தவில் அடித்தால் சிவப்பு விளக்குகள் துள்ள வேண்டும், நாதஸ்வரம் மேலே ஏறினால் பச்சை. ரேடியோ முகப்பில் எரியும் சின்னப் பல்புகளுக்கு வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுத்தது நான்தான்.

நைனா இதைப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார். “கல்யாணத்துல நாலு பேரு பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். இல்லன்னா மறுநாள் காலைல மண்டியில வந்து உக்காரு. அப்பறம் ரேடியோ கீடியோன்னு பேச்சே எடுக்கக் கூடாது.”

அண்ணன் ஒப்புக்கொண்டார். பூச்சி விழுந்துவிடக் கூடாதே என்று பகலில்தான், அதுவும் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. அந்த இருட்டில் பல்புகள் ஜெகஜோதியாக எரிந்தன. ஒருநாள் மைக்கில் என்னைப் பாடச் சொன்னார். பச்சை மட்டும் எரிந்தது. “உன் குரல்ல கனமே இல்ல” என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் நைனா செருமினார். சிவப்பு முழுதும் எரிந்தது. “பாத்தியா, அதுக்குக்கூட நைனான்னா பயம்” என்று அண்ணன் கிசுகிசுத்தார்.

கல்யாண நாள் வந்தது. எட்டு மணிக்கே எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலை வெயில் துளைத்தது. கெட்டிமேளம் முழங்கியது. பந்தல் கால்களில் கட்டிய பல்புகளில் ஒன்றுகூட எரிவதாகத் தெரியவில்லை. எரியாமல் இல்லை, எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. பட்டப்பகலில் யார் கண்ணுக்குத் தெரியும்? எங்கள் கல்யாணம் சாப்பாடு உட்படப் பொழுதோடு முடிந்துவிடும் என்பது செஞ்சிக்கே தெரியும். இருட்டுக் கிடங்கிலேயே கிடந்த அண்ணனுக்கு மட்டும் தோன்றவில்லை. தாள் சுற்றிய எனக்கும்தான் உறைக்கவில்லை.

“இன்னாப்பா இது, கலர் கலரா முட்டாய் கட்டி வெச்சிருக்கீங்க?” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நைனா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி ஏறிய கழுத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். நைனாவைக் கிட்டக் கூப்பிட்டேன். “நாலு பேரு பாக்கணும்னுதானே சொன்னீங்க? பாக்கற எடத்துல வெச்சாதானே பாப்பாங்க. கிடங்கைத் தொறந்து வுடுங்க நைனா.”

“கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?” என்றார். ஆனால் கை இடுப்புச் சாவியை எடுத்துவிட்டது.

மூட்டைகள்மேல் பல்புகளைப் பரப்பிக் கதவைச் சாத்தினார் அண்ணன். பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். முதலில் போனவர் அந்த முட்டாய்ப் பெரியப்பாதான். வெளியே தவில் அதிர, உள்ளே மூட்டைகள் சிவந்தன. நாதஸ்வரம் ஏறியது, கிடங்கே பச்சையானது. போனவர்கள் வெளியே வர மறுத்தார்கள். இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் கத்தியும் பந்தி காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளையாக வந்த என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை வரிசையில் நின்றதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் நைனா போனார், நான் பின்னாலேயே போனேன். வெகுநேரம் நின்று பார்த்தார்.

“ஒரு பூச்சியாவது வந்து வுழுந்துதா?”

“கதவு சாத்தியிருக்குது நைனா” என்றார் அண்ணன்.

“சரி. நாளைக்குக் காலைல மண்டியில வந்து உக்காரு.” அண்ணன் தலையைத் தொங்கப்போட்டார். நைனா தொடர்ந்தார். “முன்ரூமைக் காலி பண்ணித் தரேன். ரேடியோ கடை போட்டுக்கோ.”

கண் மங்கும்வரை அண்ணன் அந்த முன்ரூமில்தான் உட்கார்ந்திருந்தார். நைனாவின் கடைசிக் காலத்தில் அவருக்குச் செய்தி கேட்க ஒரு ரேடியோ செய்து கொடுத்தார். அதில் விளக்கே கிடையாது.

படுக்கையில் இருந்த அண்ணனைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த மருத்துவருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் கிடங்குக்கு வாருங்கள். அண்ணனின் மூத்த மகன் அந்தப் பெட்டியைச் சரிசெய்து வைத்திருக்கிறான். கதவைச் சாத்திவிட்டு மைக் முன்னால் நின்று, மாமா, சித்தப்பா, தாத்தா என்று அவரை நீங்கள் எப்படி அழைப்பீர்களோ அப்படி ஒருமுறை அழையுங்கள். நேற்று நான் “அண்ணா” என்றேன். சிவப்பும் எரிந்தது.