சிலந்தி நூலும் வெள்ளைக் கயிறும்

1. இரண்டு மடங்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி, உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கயிறு தயாரித்தது. டவரிலோ சிம்னியிலோ ஏறுகிறவர் உடம்பில் பெல்ட் மாட்டியிருப்பார். அந்த பெல்ட்டை மேலே உள்ள இரும்போடு இணைக்கும் கயிறுதான் எங்கள் சரக்கு. லேன்யார்ட் என்போம். நான் டெஸ்டிங் லேபின் இன்சார்ஜ்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் மேனேஜர் வாசுதேவன் சார் புது வெள்ளைக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய நைலான் கயிற்றைவிட மெலிசு, எடையும் குறைவு. மெஷினில் மாட்டி இழுத்தேன். நைலான் அறுந்த லோடைப் போல இரண்டு மடங்கு தாங்கிய பிறகுதான் அறுந்தது. சாருக்கு ஒரே சந்தோஷம். சிம்னி பெயின்டிங் எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர் பெரிய ஆர்டரோடு காத்திருந்தார். கயிற்றில் எடையைக் கட்டி விழவிட்டுப் பார்க்கும் டிராப் டெஸ்டுக்கு வெளி லேபுக்கு அனுப்பினால் நாளாகும், முதலில் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி ஆர்டரைப் பிடித்துவிடலாம் என்றார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

2. ஜாவில் அறுந்தால் கணக்கில் இல்லை

அந்த வாரம் எங்கள் லேபில் கவிதா இருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அவர்கள் கல்லூரி மெஷின் ரிப்பேர். ஒற்றை இழையை இழுக்கிற சின்ன மெஷின் எங்களிடம் இருந்ததால் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் தோட்டத்துச் சிலந்திகள். சிலந்தியிடமிருந்து நூலை மெதுவாக இழுத்து அட்டையில் சுற்றுவாள். அதைப் பார்க்கவே கேண்டீன் ஆட்கள் வந்து போனார்கள்.

முதல் நாள் முழுக்க நூல் மெஷினின் பிடியிலேயே, அதாவது ஜாவிலேயே, அறுந்தது. அந்த ரீடிங்கையெல்லாம் அவள் தள்ளிவிட்டாள். அது ஜா நசுக்கியதால் வந்த எண், நூலின் பலம் இல்லை என்றாள். அடுத்த நாள் காகிதச் சட்டத்தில் நூலை ஒட்டி, சட்டத்தோடு ஜாவில் மாட்டி, பிறகு சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் கத்தரித்து இழுத்தாள். நூல் நடுவில் அறுந்தது. மூன்றாம் நாள் மழை. ஏ.சி. நின்றுபோனது. அதே சிலந்தியின் நூல் சுருங்கி, ரப்பர் மாதிரி நீண்டது. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. காற்றில் ஈரம் எவ்வளவு, எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்று சொல்லாமல் பலத்தை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் இருந்த வெள்ளைக் கயிற்றின் கிராஃபைப் பார்த்தாள். மேல்நோக்கி லோடு, வலது பக்கம் கயிறு நீண்ட அளவு. கோடு நேராக மேலே ஏறி, சட்டென்று முடிந்திருந்தது. தடிமனுக்கு ஏற்பக் கணக்குப் போட்டாலும் அவளுடைய சிலந்தி நூலின் கோடு அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் வலது பக்கம் நீண்டுகொண்டே போய் முடிந்திருந்தது.

"ஈ வேகமா வந்து மோதுது மேடம். நூல் நீண்டு நீண்டு அந்த வேகத்தை வாங்கிக்குது. கோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்புதான் அது வாங்கிக்கிற அடி. உங்க கயிறு உயரமா இருக்கு, ஆனா பரப்பு கம்மி."

"அப்ப அந்த அடி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"கயிறு வாங்காதது ஆளுக்குத்தான் போகும்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. மெஷின் மெதுவாக இழுத்தபோது வந்த எண்கள் அவை. ஆனால் சிம்னியிலிருந்து யாரும் மெதுவாக விழப்போவதில்லை.

3. ஷெட்டில் ஒரு சத்தம்

கையெழுத்துப் போடவில்லை என்று சாரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார். கான்ட்ராக்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், இத்தனை பேருக்கு யார் வேலை கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரை நாள் கொடுங்கள், நாமே போட்டுப் பார்ப்போம், நீங்களும் வந்து நில்லுங்கள் என்றேன்.

ஃபிட்டர் சீனு ஷெட்டின் உத்தரத்தில், இழுக்கிற விசையை அளக்கும் லோட் செல்லை மாட்டினார். ஆளின் எடைக்கு நூறு கிலோ இரும்பு. கீழே யாரும் வராதபடி கயிறு கட்டித் தடுத்தோம். முதலில் நைலான். இரும்பு விழுந்தது, கயிறு நீண்டது, இரும்பு மேலும் கீழும் ஆடி நின்றது. கிராஃபில் ஒரு மேடு.

அடுத்து வெள்ளைக் கயிறு. டங் என்று ஒரே சத்தம். உத்தரத்திலிருந்து துரு கொட்டியது. கயிறு அறவில்லை. ஆனால் மேலே மாட்டியிருந்த கொக்கி வளைந்திருந்தது. கிராஃபில் கோடு ஊசி மாதிரி நின்றது.

வாசுதேவன் சார் கொக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இரும்புக்குப் பதிலா ஆள் இருந்தா?"

"முதுகெலும்பு போயிருக்கும் சார்."

சார் அங்கேயே நின்று கான்ட்ராக்டருக்கு போன் போட்டார். இந்தக் கயிறு இப்போதைக்கு இல்லை என்றார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. இரண்டு மாதம் ஓவர்டைம் இல்லாமல் எல்லோருக்கும் சிரமம். சிலர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

4. கிழிந்துபோன பட்டை

பிறகு வெள்ளைக் கயிற்றோடு ஒரு நாடாப் பட்டையைச் சேர்த்தோம். மடித்து மடித்துத் தைத்த பட்டை. ஆள் விழுந்தால் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து, பட்டை நீண்டு, அடியை வாங்கிக்கொள்ளும். எங்கள் ஷெட்டில் பல தடவை போட்டுப் பார்த்து, வெளி லேபிலும் டெஸ்ட் முடித்து, அப்புறம்தான் விற்றோம். வேறொரு கான்ட்ராக்டர் வாங்கினார்.

ஒரு நாள் காலை லேபுக்கு அவருடைய சூப்பர்வைசரிடமிருந்து போன். கடுமையான கோபத்தில் இருந்தார்.

"இன்னாம்மா சரக்கு குடுத்துக்கீறீங்க? ஒரே ஒரு தபா ஆளு விழுந்தான், பட்டை பூரா கிழிஞ்சிப்போச்சு. வேற மாத்திக் குடுங்க."

"விழுந்த ஆள் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு இன்னா? தோ, டீ குடிச்சிக்கினு குந்திக்கீறான்."

டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், புதுப் பட்டை இன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். வாசுதேவன் சாரிடம் போய், ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கிறது, நம் பட்டை கிழிந்துவிட்டதாம் என்றேன். அவர் முகம் மாறியது. மீதியையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்கள், எந்த லோடில் அறுந்தது என்றுதான் முதலில் என்னிடம் வந்து சொல்வார்கள். அறுவதற்கு முன்னால் அது எவ்வளவு அடியை வாங்கிக்கொண்டது என்று நான் கேட்பேன்.