பைக்குள் ஒரு தேங்காய்

தேங்காயைக் காதோடு ஒட்டி வைத்து ஆட்டிப் பார்க்கிறாள் முருகம்மாள். உள்ளே தண்ணீர் ஆடுகிறது. ஆனாலும் திருப்தி இல்லை. அதைக் கூடையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறாள். தாராவியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் பொறுமைசாலி. வாராவாரம் ஒற்றைத் தேங்காய் வாங்க இத்தனை நேரம் எடுத்துக்கொள்ளும் ஆளை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் குடுமி அடர்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஜிப் வைத்த கறுப்புத் தோல்பைக்குள் வைத்துக்கொள்கிறாள். மாநகராட்சி உறுப்பினரின் ரப்பர் முத்திரை, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பொட்டலம் இவற்றோடு அந்தப் பையில் ஒரு தேங்காயும் எப்போதும் இருக்கும்.

பம்பாயில் கவுன்சிலராக இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. குழாய் பதித்தாலும் சரி, கல்லி என்கிற சந்தில் கல் பாவினாலும் சரி, சாக்கடைக்கு மூடி போட்டாலும் சரி, முதலில் ஒரு தேங்காய் உடைய வேண்டும். உடைக்கிற கையை மொபைலில் படம் எடுக்க வேண்டும். படத்தில் யார் கை இருக்கிறதோ அவர் செய்த வேலை அது. ஆளும் கட்சிக்காரர்களுக்குத் தட்டில் தேங்காயை வைத்து நீட்ட ஆள் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரி தன் தேங்காயைத் தானே சுமக்க வேண்டியதுதான். முந்திக்கொள்ள எந்த நேரத்தில் வாய்க்கும் என்று யார் கண்டது?

இதுவரை வாய்த்ததில்லை. உடைபடாத தேங்காய் வாரக் கடைசியில் பையிலிருந்து இறங்கிப் பூலோகத்தின் கைக்குப் போகிறது. பூலோகம் அவள் புருஷன். சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு சயான் பக்கம் போய் விற்கிறவர். எதிர்க்கட்சி அரசியலால் இந்த வார்டில் உருப்படியாக விளைந்தது அவருடைய சட்னி ஒன்றுதான்.

"உங்க கச்சி ஆட்சிக்கு வந்துட்டா எனக்குத் தேங்காச் செலவு ஏறிப் போவும் பாத்துக்கோ," என்பார்.

"பேசாம அரைங்க," என்பாள் முருகம்மாள்.

ஜெயித்த பிறகும் அதே கல்லி, மாடிக்கு இரும்பு ஏணி சாத்திய அதே வீடு. காலையில் தண்ணீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, சண்டாஸ் என்று அங்கே சொல்கிற பொதுக் கழிப்பறை வரிசையில் மற்ற பெண்களோடு நிற்கிறாள். கவுன்சிலர் ஆயிற்றே என்று யாராவது வழிவிட்டால் கோபம் வரும். அந்த வரிசையில்தான் அவளுக்கு ஊர் நியாயம் எல்லாம் வந்து சேர்கிறது. எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது, யார் வீட்டில் மீட்டர் எரிந்துபோயிற்று என்பதெல்லாம் வார்டு ஆஃபீசுக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வார்டு ஆஃபீஸில் காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் "கல் ஆயியே", நாளைக்கு வாருங்கள் என்பார்கள். நாளைக்கும் அதையேதான் சொல்வார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டுச் சபுராவைச் சொல்லாமல் விட்டால் முருகம்மாளைச் சொன்னதாகாது.

சபுரா தேர்தலில் முருகம்மாளிடம் தோற்றவள். நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். ஆனால் மாநகராட்சியைப் பிடித்தது சபுராவின் கட்சி. அன்றைக்கே இருவர் ஜாதகமும் இடம் மாறிவிட்டது. சபுரா ஒரு ஃபோன் போட்டால் தண்ணீர் லாரி வருகிறது. சபுராவின் பிறந்தநாளுக்குக் கல்லி வாசலில் பானர் கட்டுகிறார்கள். முக்காடும் கூப்பிய கையுமாகச் சிரிக்கிறாள், கீழே 'வருங்கால நகர்சேவிகா' என்று போட்டிருக்கிறது. கவுன்சிலருக்கு அங்கே அதுதான் பெயர். நிகழ்கால நகர்சேவிகா தினமும் அந்தப் பானருக்கு அடியில் தலையைக் குனிந்து போய் வருகிறாள். தோற்றவள் ஜெயித்தவளைப் பார்த்து வயிறு எரிவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இந்தக் கல்லியில் அது தலைகீழ்.

"முத்திரைக்கு நான், வேலைக்கு அவ," என்பாள் முருகம்மாள். "ரேஷன் கார்டுக்கு எங்கிட்ட வந்து குத்திக்கிட்டுப் போறாவ. பைப்பு உடைஞ்சா நேரா அவ வீட்டுக்கு ஓடுதாவ. அவ என்ன செய்தா? 'ஹாங் சாப், ஜீ சாப்'னு ரெண்டு வார்த்த. அத நான் சொல்ல மாட்டனா?"

சபுராவின் ஆஃபீஸில் கைவைத்த நாற்காலிகள் போட்டிருக்கிறது என்பது அவளுக்கு ஒரு தீராத வியாதி. அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து வரப் பூலோகத்தை அனுப்புவாள். அவர் போய் நிறைந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சபுரா கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்து, "ஒருத்தரும் இல்ல, ஈ ஓட்டிக்கிட்டிருக்கா," என்பார். அன்றைக்குத்தான் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கும்.

இருவரும் ஒரே கல்லியில் பாவாடை கட்டி வளர்ந்தவர்கள். கல்லியின் பொதுக் கழிப்பறையில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் நின்றதில்லை. அதனால் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாள். முருகம்மாளுக்குச் சபுரா, சபுராவுக்கு முருகம்மாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு குடிகாரனைச் சபுரா டப்பாவாலேயே மண்டையில் போட்டு விரட்டியிருக்கிறாள். அந்தக் கதையை முருகம்மாள் இன்றும் ரசித்துச் சொல்வாள். அடித்தவள் பெயர் மட்டும் வராது. "கூட வந்த ஒரு பிள்ள" என்று தாண்டிவிடுவாள்.

கவுன்சிலர் ஆனதும் அவள் கையில் எடுத்தது அந்தக் கழிப்பறையைத்தான். இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், கதவுக்குக் கதவு தாழ்ப்பாள் வேண்டும். சபையில் எழுந்து "ஹர்கதீச்சா முத்தா" என்று ஆட்சேபக் குரல் எழுப்ப வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். சபையில் எந்தப் பேச்சு நடந்தாலும் இவள் எழுந்து தாழ்ப்பாளில் கொண்டுவந்து முடிப்பாள். மைக்கை அணைப்பார்கள். "மைக்க அணச்சா என்ன, எனக்குத் தொண்ட இருக்குல்லா," என்று கத்துவாள். உறுப்பினர்கள் சிரித்து 'கடீவாலி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடீ என்றால் மராத்தியில் தாழ்ப்பாள். அவள் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

கழிப்பறைத் திட்டம் சபைக்கு வந்த நாளில் அவள் கட்சித் தலைவர் ஏதோ ரோடு காண்ட்ராக்டுக்காகக் கொதித்தெழுந்து வெளிநடப்பு என்றார். கட்சி எழுந்தால் எழ வேண்டும். முருகம்மாள் எழுந்தாள். வெளியே வராந்தாவில் முதல் வரிசையில் நின்று, கேமராவுக்கு முகம் தெரியும்படி கோஷம் போட்டாள். நன்றாகவே போட்டாள். எதிர்க்கட்சி இல்லாத சபையில் திட்டங்கள் மளமளவென்று நிறைவேறின. அவளுடையதும் நிறைவேறிற்று, ஆளும் கட்சியின் பெயரில்.

வி.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறி சயானில் இறங்கிக் கல்லிக்குள் வந்தபோது யாரோ பேடா இனிப்பு நீட்டினார்கள். பசி. வாயில் போட்டு மென்ற பிறகுதான் எதற்கு என்று கேட்டாள்.

"நம்ம சண்டாஸு பாஸ் ஆயிட்டுல்லாக்கா. சபுராக்கா சொல்லி சாப் பாஸ் பண்ணிட்டாவளாம்."

துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "நான் வெளிய நின்னு கத்திக்கிட்டு இருக்கேன், எம் பிள்ளய அவ பெத்துக்கிட்டா," என்றாள். பூலோகம் உளுந்து களைந்துகொண்டிருந்தார்.

கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த மாதங்களில் கல்லிப் பெண்கள் மெயின் ரோட்டுக் கட்டணக் கழிப்பறைக்கு நடந்தார்கள். முருகம்மாளும் நடந்தாள். திறப்பு விழாவுக்குச் சபுராவின் கட்சி எம்.எல்.ஏ. வருவதாக முடிவாயிற்று. அழைப்பிதழில் முருகம்மாள் பெயரும் இருந்தது, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே. தேங்காயைச் சபுரா உடைத்துப் படம் வெளியாகிவிட்டால் அடுத்த தேர்தலில் தன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எம்.எல்.ஏ. வருமுன்னே போய் வாசலில் உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அந்த வாரத் தேங்காயைத் தேர்ந்தெடுக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

விடிந்ததும் விடியாததுமாகப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனுக்கு முன்னால் பச்சை ஜரிகைச் சேலையில் சபுரா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முருகம்மாளைக் கதவு பிடித்த காலத்திலிருந்து அறிந்தவள் அல்லவா.

"வாட்டி முருகு. பை கனமா இருக்கும் போலுக்கு?"

"வெத்தல பாக்குதான்."

"வெத்தலய உருண்டையா வாங்கியிருக்க போல."

முருகம்மாள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இன்னொரு நாற்காலி வந்தது. கைவைத்த நாற்காலி. அவள் உட்காரவில்லை.

காலையில் வருவதாகச் சொன்ன எம்.எல்.ஏ. உச்சி வெயில் வரை வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து, ஒவ்வொருவரோடும் தானும் ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தாள் சபுரா. "சபுராக்கா நல்லா இருக்கணும்" என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை ஒன்றுவிடாமல் கேட்டபடி முருகம்மாள் வெயிலில் நின்றாள். தாழ்ப்பாள் என்ற சொல்லைச் சபையில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், தொண்டை கட்டிக்கொண்டு எத்தனை நாள் வெந்நீர் குடித்திருப்பாள். ஒருத்திக்காவது நினைவிருக்கிறதா?

கூட்டம் நிழலுக்கு ஒதுங்கிய நேரத்தில் சபுரா எழுந்து அவளை உரசிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"முருகு, எனக்குத் தாங்கல. சீனி வியாதிக்காரி நான். இனி நின்னா மானம் போயிரும்."

சாவி சபுராவிடம் இருந்தது. இருவரும் பக்கவாட்டு வழியாகப் பெண்கள் பகுதிக்குள் போனார்கள். வாசலுக்கு நேர் எதிரே இருந்த முதல் கதவைத் திறந்து சபுரா உள்ளே நுழைந்தாள். உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மறுபடியும் உரசியது.

"ஏட்டி, தாப்பா ஓட்டைக்குள்ள விழ மாட்டேங்கு. தள்ளி வச்சு அடிச்சிருக்கான் பாவி. கதவு தானா தொறக்கு. புடிச்சுக்கோயேன்."

முருகம்மாள் யோசிக்கவில்லை. கை பாட்டுக்குப் போய்க் கதவை அழுத்திற்று.

அப்போதுதான் தெருமுனையில் டோல் மேளம் முழங்கிற்று. கார் வந்து நின்றது. கூட்டம் திரும்பி ஓடி வந்தது, மொபைல்கள் தலைக்கு மேல் உயர்ந்தன. எம்.எல்.ஏ. ரிப்பனுக்கு முன்னால் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட அவருடைய உதவியாளர் "சபுரா தாயீ கிதர் ஹை?" என்று எல்லாப் பக்கமும் தேடிவிட்டு, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் கதவருகே நின்ற முருகம்மாளைக் கண்டார்.

"நகர்சேவிகா மேடம், ஆப் ஹீ ஆயியே. சாப்கோ டைம் நஹீ."

சாபுக்கு நேரமில்லை, நீங்களே வாருங்கள் என்கிறார். தட்டில் கத்தரிக்கோல். பக்கத்தில் குங்குமம் வைத்த தேங்காய். அத்தனை மொபைலும் அவளைப் பார்த்தன. இத்தனை காலம் பை சுமந்தது இந்த ஒரு அழைப்புக்குத்தான். கதவை விட்டுவிட்டுப் போனால் போதும், மற்றதைக் கதவே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தாராவியில் எந்தப் பானரிலும் சபுரா சிரிக்க முடியாது. போ என்றுதான் அவள் மனது சொல்லிற்று. அதை மறைக்க வேண்டியதில்லை.

"முருகு," என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "போயிராத."

"போவல. நீ இரு."

உதவியாளர் மறுபடியும் கூப்பிட்டார். முருகம்மாள் அப்படியே நில்லுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். கதவுக்கு இடுப்பை முட்டுக்கொடுத்துக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்தாள். தேங்காயைக் காதருகே கொண்டுபோய் வழக்கம்போல ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகு குனிந்து, காலடியிலிருந்த புதுச் சிமென்ட் படியின் விளிம்பில் ஒரே போடாகப் போட்டாள். தண்ணீர் படியில் வழிந்து ரிப்பனுக்கு அடியில் ஓடிற்று.

"என்னட்டி அது சத்தம்?" என்றாள் சபுரா.

"ஒண்ணுமில்ல, நீ மெதுவா வா," என்றாள் முருகம்மாள், கதவிலிருந்து இடுப்பை எடுக்காமல்.